செட்டிநாட்டில் முதல் கோடை: வீடு பார்ப்பதிலிருந்து கரண்டு பில் வரை

மாற்றலாகி வருகிறவர்கள், அழகப்பா பல்கலைக்கழகத்தில் சேருகிறவர்கள், சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வுக்கு வருகிறவர்கள், வாக்கப்பட்டு வருகிறவர்கள் என்று காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் பக்கம் வருஷா வருஷம் புது முகங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. இது அவர்களுக்காக. நான் சென்னையிலிருந்து வந்தவன். “மெட்ராஸ் வெயிலையே பார்த்தாச்சு, இது என்ன பெரிய இது” என்ற தெம்பு இங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது. கோயம்புத்தூரிலிருந்து வருகிறவர்கள் பாடு இன்னும் மோசம். முதல் கோடையில் நான் திண்டாடியதில் பாதி, வந்த உடனே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. முதலில் காற்றைப் பழகுங்கள்

சென்னைக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. நாள் முழுக்கப் புழுக்கம். வேலூர்ப் பக்கம் போனால் காய்ந்த வெக்கை. செட்டிநாட்டில் இரண்டும் ஒரே நாளில் முறை வைத்து வரும். இதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதி உங்களுக்குத் தானாகவே புரியும்.

காலை பத்து மணியிலிருந்து மூன்றரை, நாலு வரை அனல். மே மாதத்தில் 38, 39 டிகிரி சாதாரணம். 40ஐத் தொடுகிற நாளும் உண்டு. ஆனால் அந்த நேரத்துக் காற்றில் ஈரம் குறைவு. வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும், வேர்த்ததே தெரியாது. அதுதான் ஆபத்து. சாயங்காலம் தொண்டிப் பக்கமிருந்து கடற்காற்று உள்ளே வரும். முகத்தில் படும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் ஈரத்தையும் சுமந்துகொண்டு வருகிறதே, அது நின்றதும் புழுக்கம் ஆரம்பம். ராத்திரி முழுக்கக் கசகசப்பு, விடிகாலை வரை. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடிக்கிற நாளில் கடற்காற்றால் உள்ளே நுழையவே முடியாது. அன்றைக்கு வெக்கை இருட்டிய பிறகும் இறங்காது.

எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சிக்கு இதைத் தெரிந்துகொள்ள எந்தச் செயலியும் வேண்டாம். வளவில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், பழைய வேட்டி விரித்து வத்தல் காயப்போட்டிருப்பார். நாலு மணிவாக்கில் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் ஒடிப்பார். படக்கென்று ஒடிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வளைந்து கொடுத்தால், “காத்து கீழ திரும்பிருச்சு தம்பி, இதை அள்ளிக் குடுங்க” என்று குரல் வரும். கிழக்கே கடல் பக்கமிருந்து காற்று வரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நீங்களும் பொரித்த அப்பளம் ஒன்றைத் தட்டில் திறந்து வைத்துப் பாருங்கள். அது நமுத்துப் போகிற நேரம்தான் உங்கள் வீட்டில் புழுக்கம் தொடங்குகிற நேரம்.

இன்னொன்று: அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். “கத்திரி முடிஞ்சாச்சு” என்று பெருமூச்சு விடாதீர்கள். கேரளத்தில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துக்கொள்ளும். நமக்கு வருவது மழையைக் கொட்டிவிட்டு வந்த வறண்ட மேல்காற்று மட்டும். ஆனி, ஆடி இரண்டும் இங்கே கோடைக் கணக்குதான். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, புழுதி பறக்கும். பங்குனியில் தொடங்கினால் ஐந்து மாதத்துக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டே செலவைத் திட்டமிடுங்கள்.

2. வீடு பார்க்கப் போவது மூன்று மணிக்கு

புரோக்கர்கள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் எல்லா வீடும் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் மூன்று மணிக்குப் போங்கள். மேற்குச் சுவரில் உள்பக்கமாக உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தச் சுவர் ராத்திரி பதினொன்று வரை அதை உங்கள் மேல் இறக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற மாடி வீடு வாடகை குறைவு என்று ஆசைப்படாதீர்கள். மிச்சமாகும் வாடகை முழுவதும் மின்வாரியத்துக்குப் போய்விடும்.

பழைய வளவு வீட்டில் ஒரு பகுதி வாடகைக்குக் கிடைத்தால் நல்லதுதான். கனத்த சுவர், உயர்ந்த கூரை, சூட்டை மேலே இழுத்து வெளியேற்றும் திறந்த முற்றம், காலுக்குக் குளிர்ச்சியாக ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. பகலில் வெளியே கொளுத்தும்போது வீட்டுக்குள் மேடைத் திண்ணைபோல் இருக்கும் பட்டாலையில் படுத்துத் தூங்கலாம். ஆனால் மூன்று விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, முற்றம் இன்னும் திறந்திருக்கிறதா? குரங்கு இறங்குகிறது, மழைச்சாரல் அடிக்கிறது என்று பல வீடுகளில் மேலே பைபர் ஷீட் போட்டு மூடிவிட்டார்கள். மூடிய வளவு அடுப்பில் ஏற்றிய இட்லிச் சட்டிதான். வெறும் கம்பி வலை போட்டிருந்தால் பாதகமில்லை.

இரண்டு, உங்களுக்குக் கொடுப்பது பழைய கட்டா, பின்னால் பிற்பாடு எழுப்பிய கான்கிரீட் அறையா? “செட்டிநாட்டு வீடு” என்று சொல்லிப் பின்கட்டுத் தகர ஷெட்டைக் காட்டுகிறவர்களும் உண்டு.

மூன்றாவதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம். இந்த வீடுகள் பெரும்பாலும் பங்காளிகளுக்குப் பொது. சாவி வைத்திருப்பவர் ஒருவர். பங்குக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். அவர் ஒருவரிடம் மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு குடிபோனால், ஏசிக்குச் சுவரில் துளை போடும் நாளன்று இன்னொரு பங்காளியிடமிருந்து போன் வரும். ஒப்பந்தத்திலேயே “ஏசி, இன்வெர்ட்டர் பொருத்திக்கொள்ளலாம், காலிசெய்யும்போது கழற்றிக்கொள்ளலாம்” என்று ஒரு வரி சேர்த்து, முடிந்தவரை மற்ற பங்குக்காரர்களின் சம்மதத்தையும் கடிதமாக வாங்கி வையுங்கள். சுவரில் பழைய சுண்ணாம்பு வழவழப்புப் பூச்சு இருந்தால் அதில் துளை போடவே போடாதீர்கள். உடைந்தால் பழையபடி பூச ஆள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் கூலி உங்கள் அட்வான்ஸை விழுங்கிவிடும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: எழுத்துப்பூர்வமான வாடகை ஒப்பந்தம் (2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி இது கட்டாயம்), அட்வான்ஸ் கொடுத்ததற்கு ரசீது, வீட்டு வரி ரசீது நகல், மின் இணைப்பு எண், குடிபோகும் அன்று மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு எடுத்த போட்டோ. அந்தச் சட்டம் குடியிருப்புக்குச் சொல்லும் அட்வான்ஸ் மூன்று மாத வாடகை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அதுதான் செல்லும். எனவே கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படியுங்கள்.

3. கரண்டு: மாசிக்குள் முடித்துவிடுங்கள்

கோடையை வெல்வது ஏசியால் அல்ல, வயரிங்கால். பழைய வீடுகளில் விளக்கும் நாலு மின்விசிறியும் எரிவதற்காக வாங்கிய இணைப்பு அப்படியே இருக்கும். அதில் ஒன்றரை டன் ஏசியை மாட்டினால் முதல் ராத்திரியே ப்யூஸ் போகும்; போகாவிட்டால் இன்னும் மோசம், வயர் சுடும்.

முதலில் மீட்டர் யாருடையது என்று பாருங்கள். தனி மீட்டர் இருந்தால் பிரச்சினை இல்லை. பொது மீட்டரில் உங்களுக்கு மட்டும் சப்-மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையில் வசூலிக்கும் வீடுகள் நிறைய. அப்படியானால் அரசு தரும் முதல் 100 யூனிட் இலவசம் உங்களுக்குக் கிடைப்பது வீட்டுக்காரர் மனது. அந்த ஒரே விலை எவ்வளவு என்பதை வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள், சித்திரையில் பேசிப் பயனில்லை.

ஏசி போடுவதாக இருந்தால், இணைப்புக்கு எவ்வளவு மின்பளு அனுமதி என்று பாருங்கள். மின்வாரியக் கணக்கில் இருக்கும். போதாவிட்டால் கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாரியத்தின் இணையதளத்திலேயே செய்யலாம். ஆனால் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். இங்கேதான் சிக்கல்: பெயர் பெரும்பாலும் காலமாகிவிட்ட ஐயாவுடையதாக இருக்கும். அப்போது பெயர் மாற்றம் முதலில், மின்பளு பிறகு. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது, மற்ற வாரிசுகளின் சம்மதம் என்று பட்டியல் நீளும். இது உங்கள் வேலை இல்லை, வீட்டுக்காரர் வேலை. அதனால்தான் தை, மாசியிலேயே தொடங்கச் சொல்கிறேன். ஏப்ரலில் பிரிவு அலுவலகத்தில் நீங்கள் நிற்கும்போது உங்களுக்கு முன்னால் ஊரே நிற்கும்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மூன்று வேலை: ஏசிக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி வயரும் பளு கூடினால் தானே அணையும் தனி எம்சிபியும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி, எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதனை. கோடையில் மண் காய்ந்து எர்த் வேலை செய்யாமல் போவதுண்டு. எர்த் குழியில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது பழைய ஆட்களின் பழக்கம், நல்ல பழக்கம்.

இனி பில். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் 500 யூனிட்டில் இருக்கிறது. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101லிருந்து 200 வரைக்குக் கிடைத்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 499க்கும் 510க்கும் இடையில் உள்ள வித்தியாசம் பதினொரு யூனிட்டின் விலை இல்லை, அதைவிடப் பல மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் தோராயமாக ஆறு யூனிட். அறுபது ராத்திரிக்கு 360. பிரிட்ஜ் இரண்டு மாதத்துக்கு எழுபது, எண்பது. மின்விசிறி, மோட்டார், மிக்சி எல்லாம் சேர்ந்தால் 500 எப்போது போனது என்றே தெரியாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்துச் சுவர் காலண்டரில் குறித்துவையுங்கள். ரீடிங் எடுக்கிறவர் தள்ளிப்போட்டு வந்தால் அந்தக் கூடுதல் நாட்களே உங்களைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். நாள் கடந்தால் கையில் குறித்த ரீடிங்கோடு பிரிவு அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். விலைப்பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் நான் இங்கே ரூபாய்க் கணக்கு போடவில்லை; வாரிய இணையதளத்தில் யூனிட்டைப் போட்டால் தொகை காட்டும் வசதி இருக்கிறது.

4. மொட்டை மாடி

கான்கிரீட் வீடு என்றால் ஏசி வாங்கும் முன் மாடிக்குச் செலவு செய்யுங்கள். மிகக் குறைந்த செலவு சுண்ணாம்பு வெள்ளை. கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கித் தண்ணீரில் ராத்திரி ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டிக்கொள்ளக் கொஞ்சம் பெவிகால் கலந்து, மாடியை நன்றாகக் கூட்டிக் கழுவிக் காயவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் முதல் கோட்டு. மறுநாள் அதே நேரம் குறுக்குவாட்டில் இரண்டாவது. நீர்க்காத சுண்ணாம்பாக இருந்தால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும். பிளாஸ்டிக் வாளி உருகும், முகத்தில் தெறித்தால் கண்ணே போய்விடும். கண்ணாடி போட்டுக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். இது ஒரு மழைக்காலம்தான் தாங்கும், அடுத்த மாசியில் மறுபடி அடிக்க வேண்டும்.

கூல் ரூப் பெயின்ட் சில வருஷம் வரும், செலவு பல மடங்கு. கடைக்காரர் சொல்லும் சதுர அடிக் கணக்கு ஒரு கோட்டுக்கா இரண்டு கோட்டுக்கா என்று கேளுங்கள். டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பாதிக்குப் பாதி ஏமாற்றம் அங்கேதான்.

தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டால் அருமையான குளிர்ச்சி. ஆனால் ஒரு தீப்பொறி போதும். கோயில் திருவிழா வாணவேடிக்கைக் காலமும் அதேதான். பச்சை நிழல்வலை கட்டுவது பத்திரம். வலைக்கும் தரைக்கும் நடுவே ஆள் நிற்கிற உயரம் விடுங்கள். ஒட்டிக் கட்டினால் சூடு தங்கும்.

கறுப்புத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதற்கும் வெள்ளையடித்துவிடுங்கள். மோட்டாரை விடிகாலையில் போடுங்கள். மத்தியானம் குழாயைத் திறந்தால் வருவது ரசம் வைக்கிற சூட்டுத் தண்ணீர், குழந்தையைக் குளிப்பாட்டும் முன் கை வைத்துப் பாருங்கள்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. உடைந்த ஓட்டை மட்டும் ஆடிக்கு முன் மாற்றிவிடுங்கள். குரங்குகள் நடந்த தடம் எங்கே என்று மேலே ஏறிப் பார்த்தாலே தெரியும்.

5. பேன், கூலர், ஏசி: எது எப்போது

கூலர் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் ஆவியாகும்போது காற்றைக் குளிரவைப்பதுதான் அதன் வேலை. காற்று காய்ந்திருக்க வேண்டும். ஆகவே செட்டிநாட்டில் கூலர் பகல் வேலைக்காரன். பதினொன்றிலிருந்து நாலு வரை, ஜன்னலை ஒட்டி வைத்து, எதிர்ப்பக்கத்துக் கதவு ஒன்றைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஓட்டுங்கள், நன்றாக இருக்கும். பூட்டிய அறைக்குள் ராத்திரி ஓட்டினால் புழுக்கத்துக்கு நாமே தண்ணீர் ஊற்றின கதை. கடையில் போட்டுக் காட்டும்போது மத்தியானம், அதனால்தான் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது. ஐயாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை ஆகும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொசு குடும்பம் நடத்தும்.

அதே வேலையை வெட்டிவேர்த் தட்டி இன்னும் மணமாகச் செய்யும். மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டு மத்தியானம் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க வேண்டும். வெட்டிவேருக்குக் காசு இல்லையென்றால் நனைத்த சாக்கு. வாசனை மட்டும் கிடைக்காது.

பேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை என்றால் புது பேன் வாங்கக் கிளம்பாதீர்கள். கண்டென்சர் போயிருக்கும், நூறு ரூபாய்க்குள் தீர்ந்துவிடும். புதிதாக வாங்குவதானால் பிஎல்டிசி பேன்: பழைய பேன் 75 வாட் தின்னும் இடத்தில் இது 30 வாட்டில் ஓடும். இன்வெர்ட்டர் பேட்டரியும் இரண்டு மடங்கு நேரம் நிற்கும். காற்று உடம்புச் சூட்டைவிடச் சூடாக இருக்கும் உச்சி வேளையில் வெறும் பேன் அனலை அள்ளி மேலே போடும். துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு அதன் கீழே உட்காருங்கள், அப்போதுதான் பலன்.

ஏசி ராத்திரிக்கு. கசகசப்புக்கு அது ஒன்றுதான் மருந்து. குளிரவைப்பதோடு காற்றில் உள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியே விடுகிறது. வெயில் குறைந்த, வெறும் புழுக்கமான ராத்திரிகளில் ட்ரை மோடில் போட்டாலே போதும். மற்ற நாளில் 26 வைத்து மேலே பேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். 18இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை. ஓடுகிற நேரம்தான் கூடும்.

வளவைச் சுற்றியுள்ள சின்ன அறைதான் ஏசிக்குத் தோது. ஆனால் கூரை உயரம் பதினான்கு அடி இருந்தால் கடைக்காரரின் சதுர அடிக் கணக்கு செல்லாது. உயரத்தையும் சொல்லி வாங்குங்கள், அல்லது குறுக்கே துணிக் கூரை கட்டுங்கள். வெளி யூனிட்டை மேற்கு வெயிலில் வைக்காதீர்கள், முற்றத்துக்குள்ளும் வைக்காதீர்கள். முற்றத்தில் வைத்தால் உங்கள் சூடு அடுத்த வீட்டுக்காரர் பட்டாலைக்குப் போகும், சண்டை உங்கள் வாசலுக்கு வரும்.

ஒன்றரை டன் நல்ல ஏசி முப்பத்தைந்தாயிரத்திலிருந்து ஐம்பதாயிரம் வரை போகிறது. விலை பேசும்போது பேசாமல் விட்டு, மாட்ட வந்த பிறகு தலையில் கட்டுவது: கூடுதல் செம்புக் குழாய், வெளி யூனிட் ஸ்டாண்ட், கனத்த சுவரில் துளை போடும் கூலி, ஸ்டெபிலைசர். இவற்றுக்குச் சேர்த்து ஐந்தாறாயிரம் தனியாக எடுத்துவையுங்கள். சாயங்காலம் ஏழிலிருந்து பத்து வரை வோல்டேஜ் இறங்கும் தெருக்கள் இருக்கின்றன, ஸ்டெபிலைசரைத் தவிர்க்காதீர்கள். தவணையில் வாங்க ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், முகவரிக்கு வாடகை ஒப்பந்தம். வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா பாருங்கள். பழைய ஏசிக்குப் பிப்ரவரியிலேயே சர்வீஸ். மே மாதம் கூப்பிட்டால் “நாளைக்கு வர்றேண்ணே” என்ற பதிலை மாதம் முழுக்கக் கேட்கலாம்.

6. கதவும் ஜன்னலும்

காலை எட்டரைக்கு எல்லாவற்றையும் சாத்தித் திரை இழுத்துவிடுங்கள். கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலையும் மேற்கு ஜன்னலையும் சேர்த்துத் திறங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். பகல் முழுக்க ஜன்னலைத் திறந்துபோட்டுவிட்டு, “வீடு அனலாக் கிடக்கு” என்று புலம்புவது சென்னைப் பழக்கம். சமையலை எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் அடுப்படிச் சூடும் இல்லை.

7. தண்ணீரும் பானையும்

காரைக்குடித் தண்ணீருக்கு, சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று, நல்ல பெயர் உண்டு. ஆனால் உங்கள் தெருவுக்கு வருவது எது, எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். கோடையில் முறை தள்ளிப்போகும். ஒரு வாரத்துக்குத் தாங்கும் தொட்டி இருந்தால் நிம்மதி. கிராமங்களில் குடிக்க ஊருணித் தண்ணீர் எடுப்பார்கள். சுவை நன்றாக இருக்கும், புதிதாக வந்த வயிறு கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

மண்பானை மானாமதுரையிலிருந்து வரும், சந்தையில் கிடைக்கும். விரலால் சுண்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் கீறல். வாங்கியதும் ஒரு நாள் முழுக்க நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பிறகு புழங்குங்கள். ஈரமணல் பரப்பி, ஜன்னலோரம் காற்று படுகிற இடத்தில் வைக்க வேண்டும். சமையலறை மூலையில் அடைத்துவைத்தால் குளிராது. சோப்பு வேண்டாம், தேங்காய் நார் போதும். பெயின்ட் அடித்த அழகுப் பானை எதற்கும் உதவாது, துளையெல்லாம் அடைந்துபோயிருக்கும். பானை நன்றாகக் குளிர்வது மத்தியானம்; புழுக்கமான விடிகாலையில் அத்தனை குளிராது. பானை கெட்டுவிட்டது என்று மாற்றாதீர்கள், காற்றில் ஈரம் அதிகம், அவ்வளவுதான்.

8. உடம்பு

பகல் வெக்கையில் வேர்வை தெரியாது என்றேன். ஆகவே தாகத்துக்குக் காத்திருக்காமல் குடிக்க வேண்டும். நீர்மோர், பழைய சோற்று நீராகாரம், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, நன்னாரி சர்பத். தினமும் இளநீர் குடித்துக் கட்டுப்படியாகாது. மோரில் உப்புப் போட்டுக் குடித்தாலே பாதி வேலை முடிந்தது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம்.

மருந்துக் கடையில் ஓஆர்எஸ் கேட்டால் டப்பாவில் அடைத்த இனிப்புப் பானத்தை நீட்டுவார்கள். உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சடித்த பொடிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதிப் பொடியைப் போட்டு மிச்சத்தை மடித்துவைக்கக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள். அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து.

சர்க்கரை, பிபி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீர் பிரிவதற்கு மாத்திரை எடுப்பவர்கள் உப்பு, சர்க்கரை, தண்ணீர் அளவெல்லாம் பங்குனியிலேயே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளையார்பட்டி, குன்றக்குடி போகிற உறவினர்களுக்கு ஒரு வார்த்தை: மத்தியானம் கல் தளத்தில் வெறுங்காலோடு ஓட வேண்டியிருக்கும். காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.

வேர்க்குருவுக்குப் பவுடரை அப்பி அப்பித் துளையை அடைக்காதீர்கள். இரண்டு வேளைக் குளியல், தளர்ந்த பருத்தித் துணி, ஈரம் துடைத்த உடம்பு, இவ்வளவுதான் வேண்டும்.

ஒருவர் பேச்சு குழறினால், இடம் தெரியாமல் உளறினால், உடம்பு கொதித்தால், அது வெறும் மயக்கம் இல்லை. 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, பேனோ விசிறியோ கொண்டு விடாமல் வீசுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; புரையேறிவிடும்.

9. கோடை இடி

மூன்று நாலு நாள் தொடர்ந்து கொளுத்தினால் ஒரு சாயங்காலம் கறுத்துக்கொண்டு வரும். முதலில் புழுதிக் காற்று, பிறகு இடி, அதன்பின் அரை மணி மழை. மொட்டை மாடியில் பாய் விரித்திருப்பவர்கள் முதல் இடிச் சத்தத்திலேயே இறங்கிவிட வேண்டும், துணி எடுக்கிறேன் என்று திரும்ப ஏறக் கூடாது. டிவி, ஏசி, இணைய மோடம் எல்லாவற்றையும் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மோடத்துக்கு வரும் கேபிளையும்தான். பலர் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுக் கேபிளை விட்டுவிடுகிறார்கள், இடி அந்த வழியாக வந்துவிடுகிறது.

மழை பெய்த ராத்திரி பூரானும் தேளும் திண்ணைக்கு ஏறும். தரையில் படுக்கிறவர்கள் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள். செருப்பை உதறிப் போடுங்கள்.

கரண்டு போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கோடையில் மாதம் ஒருமுறை பேட்டரித் தண்ணீரைப் பாருங்கள், சூட்டில் சீக்கிரம் குறையும். வீட்டுத் தண்ணீரை ஊற்றாதீர்கள், டிஸ்டில்டு வாட்டர்தான். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பதிலிருந்து மத்தியானமோ சாயங்காலமோ வரை நிறுத்துவது தனி. அது முதல் நாளே நாளிதழிலும் வாரிய இணையதளத்திலும் வந்துவிடும். திடீரென்று போனதற்கு வாரியத்தின் புகார் மையமான மின்னகம், எண் 94987 94987. அங்கே முதலில் கேட்பது உங்கள் இணைப்பு எண்ணைத்தான். இருட்டில் பழைய பில்லைத் தேடிக்கொண்டிருக்காமல், மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கத்தில் அதை மார்க்கரால் எழுதிவையுங்கள்.